தம்மம்பட்டிக்கு ஒரு லேப் டாக்டர்

ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி வழியாகத் தம்மம்பட்டிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம். பேருந்து ஊரெல்லையைத் தாண்டியதுமே பாக்குத் தோப்புகள் தொடங்கிவிடுகின்றன. நெடுநெடுவென்று வளர்ந்த மரங்கள், நடுவே வாழை, வரப்போரம் மரவள்ளி. கிழக்கே பச்சைமலை கூடவே வருகிறது. மேற்கே சற்றுத் தள்ளிக் கொல்லிமலை. இரண்டு மலைகளின் நீரும் சுவேத நதியில் இறங்கி வெள்ளாற்றுக்குப் போகின்றன. சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை இது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் துறையூர், திருச்சி மாவட்டம். மேற்கே மெட்டாலா வழியாக ராசிபுரம் போகும் சாலையில் நாமக்கல் மாவட்டம் தொடங்கிவிடும்.

பச்சைமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் ரத்தப் பரிசோதனை முகாம் என்று நண்பர்கள் அழைத்திருந்தார்கள். நான் பேத்தாலஜி படித்தவள். நோயியல் என்று தமிழில் சொன்னாலும் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. ஊரில் எங்களுக்குள்ள பெயர் லேப் டாக்டர். ஊசி போடாத, மாத்திரை எழுதாத, நோயாளி முகத்தைப் பார்க்காத டாக்டர். எங்கள் துறையில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க மைக்ராஸ்கோப் வழியாகத்தான் மனிதர்களைச் சந்திக்கிறோம். சதைத் துணுக்கு, ரத்தத் துளி, ஊசியில் எடுத்த செல்கள், இவற்றின் மேல் ஒட்டிய எண். அந்த எண்ணுக்கு உரியவர் எந்த ஊர், என்ன வேலை, என்ன சாப்பிடுகிறார் என்பது விண்ணப்பத் தாளில் அபூர்வமாகவே எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளில் விடுபட்டதைத் தேடித்தான் இந்தப் பக்கம் வர வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தேன். பாக்கு, மரச்சிற்பம், மலை மூன்றும் கூடும் இடம் இது. மூன்றுக்கும் மைக்ராஸ்கோப்பில் தெரியும் முகம் உண்டு.

வழியில் ஒரு பாக்குக் களத்தில் இறங்கினேன். பச்சைக் காயைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்த கொட்டையைப் பெரிய அண்டாவில் வேகவைத்து, சிவந்த சாறு ஏறியதும் வெயிலில் பரப்புகிறார்கள். வெந்து காய்ந்த பாக்கை ஆப்பி என்கிறார்கள். வடக்கே லாரியில் போகிறது. உரிக்கும் பெண்களில் சிலர் வேலைக்கு நடுவே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்கள். "பசி தெரியாதுங்கம்மா, தூக்கமும் வராது" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் நரம்பைத் தூண்டிச் சுறுசுறுப்புக் கொடுக்கும். அதே அரிகோலின்தான் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த் திசுவைப் பெருகவைக்கிறது. நாளடைவில் கன்னம் பலகை போல் இறுகும், காரம் பட்டால் எரியும், வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். 1953இல் பம்பாயில் ஜோஷி என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர் இந்த நிலையை விவரித்து எழுதினார். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். ஸ்லைடில் பார்த்தால், தளர்வாக ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்க வேண்டிய இடம் வெளிர் இளஞ்சிவப்பாக, அசைவற்ற ஒரே பாளமாக இருக்கும். அதன் மேலுள்ள தோல் மெலிந்து, சிலருக்குப் புற்றாக மாறும்.

பாக்கையும் வாய்ப்புற்றையும் முடிச்சுப்போட்டுப் பார்த்த மருத்துவர்கள் நம் மண்ணிலேயே வெகு முன்பு இருந்தார்கள். அன்று திருவிதாங்கூரிலும் இன்று குமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வேலைபார்த்த ஐ. எம். ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை பாக்கு போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். ஆனால் மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் பார்த்தால் நோயின் கடைசி அத்தியாயம்தான் தெரியும். முதல் அத்தியாயம் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அந்தத் திண்ணைக்குப் போனவர்கள் 1960களில் வந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த வாய்நோயியல் வல்லுநர் யென்ஸ் பிண்ட்போர்க், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த ஃபாலி மேத்தா, இவர்களோடு ஓர் இளைஞர் குழு. எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், சிங்பூம், தர்பங்கா என ஐந்து மாவட்டங்களின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் 50,915 பேரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளைத் திட்டு இருந்தால் அங்கேயே துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். 1969இல் அந்த முடிவுகள் வெளியாயின. உலகத்தில் வாய்ப்புற்றைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்த நடையில் கிடைத்தது. ஸ்ரீகாகுளத்தில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பதையும், அதனால் மேலண்ணம் கெடுவதையும் அவர்கள் பதிந்தார்கள். பின்னர் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களிடம் பேசிப் பழக்கத்தை விடச்செய்து, வெள்ளைத் திட்டு புதிதாக வருவது குறைகிறது என்று 1986இல் காட்டினார்கள். மைக்ராஸ்கோப்பில் தொடங்கிய வேலை ஒரு மனிதன் தன் பழக்கத்தைக் கைவிடும் இடம் வரைக்கும் போயிற்று. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெறும் பாக்கையும் புற்றுண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. களத்துப் பெண்களிடம் அதைப் பேசினேன். புகையிலை வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பாக்கைப் பற்றி யாரும் சொன்னதில்லையாம். விளைவிப்பவர் மேல் இதற்குப் பழி போட எனக்கு மனம் வரவில்லை. தோப்பு அவர்கள் சோறு. ஆனால் உரிக்கும் கைகளுக்குச் சொந்தமான வாய்களை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்யலாம் என்பது திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில் உறுதியானது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் லான்செட்டில் வந்தது. டார்ச்சும் இரண்டு நிமிடமும் போதும். அதற்குப் பிறகு ஒரு துணுக்கைப் படிக்க ஒரு நோயியல் மருத்துவர் வேண்டும்.

தம்மம்பட்டிக்குள் நுழையும்போதே உளிச் சத்தம். உக்கிர நரசிம்மர் கோயிலுக்கும் மாட்டுப் பொங்கலை ஒட்டி நடக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பெயர்பெற்ற ஊர், அதைவிட மரச்சிற்பத்துக்கு. புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தெருவோரக் கொட்டகைகளில் சாமி வாகனங்கள், கதவு நிலைகள், ஆளுயரப் பிள்ளையார்கள். பெரும்பாலும் வாகை மரம். முதலில் அடிவெட்டு, பிறகு உருவம், பிறகு நகாசு, கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பு. இப்போது தேய்ப்புக்கு மின்சாரக் கருவிகளும் வந்துவிட்டன. அவை ஓடும்போது கொட்டகை முழுக்க மஞ்சள் புகை மாதிரித் தூள் நிற்கிறது.

வயதான ஆசாரி ஒருவர் பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். "நீங்க என்ன டாக்டரம்மா, பல்லா, கண்ணா?" என்றார். சதையை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்து நோயைச் சொல்வேன் என்றேன். எப்படி வெட்டுவீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. விளக்கினேன். எடுத்த சதையை ஃபார்மலினில் போட வேண்டும். பிறகு நீரை வடித்து மெழுகு ஏற்றிக் கட்டியாக்க வேண்டும். அதை மைக்ரோடோம் என்ற கருவியில் வைத்து மூன்று நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவல் வெந்நீரில் மிதக்கும்போது கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றுவோம். "இழைப்புளியில சுருள் வர்ற மாதிரிங்களா?" என்றார். அதேதான். சாயம் எதில் எடுக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. உலகத்து ஆய்வகங்களெல்லாம் செல்லின் உட்கருவை நீலமாக்கப் பயன்படுத்தும் ஹீமடாக்சிலின் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுப்பது. மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். நூறாண்டுக்கும் மேலாக அதற்கு நிகரான மாற்று வந்து நிலைக்கவில்லை. "மரத்துல இருந்தா?" என்று தன் பேரனைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லவைத்தார்.

அதற்குப் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்வது எளிதாக இருந்தது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர், நாற்காலி செய்வதற்குப் பெயர்போனது. 1960களில் அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர், மூக்கின் உட்புறத்தில் வரும் ஓர் அரிய புற்றுநோய் தன் ஊர்த் தச்சர்களுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வருவதைக் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மாக்பெத், அச்செசன் ஆகியோரும் சேர்ந்து நோயாளிகளின் வேலை விவரத்தைத் தேடி எடுத்தார்கள். 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது கட்டுரையாயிற்று. குடல் சுவரின் சுரப்பிகளைப் போன்ற தோற்றம்கொண்ட புற்று அது. மூக்கில் அதைக் காணும் நோயியல் மருத்துவர் உடனே இவர் தச்சரா என்று கேட்க வேண்டும். 1995இல் மரத்தூள் புற்றுண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்க்கப்பட்டது. உளியில் தெறிக்கும் சில்லுகளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும் நுண்தூளே இதில் முக்கியம். தூளை முகர்ந்த ஆண்டுக்கும் நோய் தெரியும் ஆண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடிவிடும்.

நோய் அரியது, பயமுறுத்தும் நோக்கத்தில் இதை எழுதவில்லை. ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்து, சளியில் ரத்தக் கீற்று வந்தால், ஆசாரி வேலை செய்பவர் அதைச் சாதாரண ஜலதோஷம் என்று விட்டுவிடக் கூடாது. தேய்ப்பு வேலையைத் திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டிச் செய்வதும், தரமான முகக்கவசமும், தூளை உறிஞ்சும் கருவியைக் கூட்டாக வாங்குவதும் செய்யக்கூடியவையே. புவிசார் குறியீடு சிற்பத்தின் பெயரைக் காக்கிறது. சிற்பியின் மூச்சைக் காக்க வேறொரு ஏற்பாடு வேண்டும். ஊரில் மரத்தூளில் வேலை செய்பவர்கள் யார், எத்தனை ஆண்டுகளாக என்று ஒரு பதிவேடு தொடங்கினால், அது இந்தியாவுக்கே பயன்படும் ஆவணமாக இருக்கும்.

மறுநாள் அடிவாரத்து முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். மலையிலிருந்து காலையிலேயே இறங்கி வந்திருந்த பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். பெயரில்தான் மலையாளி, பேச்சு தமிழ். லேப் டெக்னீஷியன் தம்பி வேகமான கைக்காரர். விரல் நுனியில் ஒரு குத்து, சிறு கருவியில் ஒரு துளி, எண் வந்துவிடுகிறது. நான் படித்த காலத்தில் சாலி முறை. ரத்தத்தை அமிலத்தில் கலந்து, துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். வெளிச்சத்துக்குத் தக்கபடி ஹீமோகுளோபின் மாறும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எண் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நான்காம் சுற்றில் 55. இரண்டு பேரில் ஒருவர் என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. வராந்தாவில் ஒரு இளம்பெண், கைக்குழந்தையோடு வந்தவள், "மாத்திரை நிறையச் சாப்ட்டுட்டேங்கம்மா, படியேறினா மூச்சு வாங்குது" என்றாள். இந்த இடத்தில்தான் எண்ணைத் தாண்டி ஸ்லைடைப் பார்க்க வேண்டும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயமிட்டால் சிவப்பணுக்கள் தங்கள் கதையைச் சொல்லும். இரும்புச்சத்துக் குறைந்தவை சிறுத்து, நடுவில் வெளிறி இருக்கும். பி12, ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெருத்து முட்டை வடிவமாகும். தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் அணு சிறுத்தே இருக்கும். ஆனால் இரும்பு மாத்திரை எவ்வளவு கொடுத்தாலும் அது தேறாது. அரிவாள் போல் வளைந்து கிடந்தால் அது சிக்கிள் செல். எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே முகம்தான்: வெளிறிய நாக்கு, மூச்சு வாங்கல், களைப்பு. ஒரே மாத்திரையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவள் மேலேயே குற்றம் சொல்லும் வழக்கம் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. ஒரு ஸ்லைடு பார்த்திருந்தால் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கலாம்.

சிக்கிள் செல் இந்தியாவில் இருக்கிறது என்பதே தமிழ்நாட்டு மலையில்தான் முதலில் தெரிந்தது. ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய வேதிநோயியல் வல்லுநர் ஹெர்மன் லேமன், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவுக்கு வந்து ரத்தசோகையை ஆராய்ந்தவர். பின்னர் மேரி கட்புஷ் என்பவரோடு சேர்ந்து நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, 1952இல் அதை வெளியிட்டார். இன்று அதே நீலகிரியில், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் அஷ்வினி அமைப்பும், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி, இந்த நோயாளிகளை வீடுவரை போய்க் கவனித்துவருகின்றன. பெற்றோர் இருவரும் நோய்க்கூறு உள்ளவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எலும்பெல்லாம் முறித்துப் போடும் வலியை வாதம் என்று நினைத்து வாழ்ந்து முடிந்தவர்கள் எத்தனையோ பேர். ஹைட்ராக்ஸியூரியா போன்ற மருந்து இருக்கிறது. பெயர் தெரியாத நோய்க்கு அது போய்ச் சேராது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும் 2047க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. அட்டையில் முடிவை எழுதிக் கொடுப்பதோடு அது நின்றுவிடாமல் இருக்க வேண்டும். கல்யாண வயதுப் பிள்ளைகளிடம், அவமானம் ஏற்படாத முறையில், தனியாக உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

மதியம் முகாமில் பேச்சு பாம்புக்குத் திரும்பியது. மரவள்ளிக் காட்டிலும் பாக்குத் தோப்பிலும் வேலை செய்பவர்களுக்கு அது அன்றாடப் பயம். ஆய்வகம் என்றாலே பல கோடிக் கருவி என்று நினைப்பவர்களுக்கு இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய்ச் சோதனையை நான் எப்போதும் சொல்வேன். கடிபட்டவரின் ரத்தம் இரண்டு மில்லி. சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாய். அசைக்காமல் 20 நிமிடம் வைத்து ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விரியன் விஷம் ஏறிவிட்டது, விஷமுறிவு மருந்து வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை சரியாக வராது. சோப்புத்தூளில் கழுவிய குழாயிலும் வராது. கண்ணாடியின் பரப்புத்தான் உறைதலைத் தூண்டுகிறது. ஓர் உயிர் நிற்பதும் போவதும் அலமாரியில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருக்கும் ராத்திரிகள் உண்டு. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு கிடைக்கும், குழாயையும் மருந்தையும் எங்கே வைப்பது என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

மாலையில் டெக்னீஷியன் தம்பி கேட்டார்: "மேடம், பேத்தாலஜி எடுத்தவங்க இந்த மாதிரி ஊர் ஊரா வந்து என்ன செய்ய முடியும்? ரிப்போர்ட்தானே நம்ம வேலை?" நான் அவரிடம் ராமலிங்கஸ்வாமியைப் பற்றிச் சொன்னேன். இளையவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் போயிருப்பது எனக்கு வருத்தம். அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

வுலிமிரி ராமலிங்கஸ்வாமி 1921இல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்து, 1947இல் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் நோயியல் மருத்துவராகச் சேர்ந்தார். ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வகம் அது. பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. சத்துக்குறைவு உடலின் திசுக்களை என்ன செய்கிறது என்பதை அங்கே அவர் குரங்குகளிலும் குழந்தைகளின் திசுக்களிலும் பார்த்தார். பிறகு 1950களின் நடுவில் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். ஊரில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு நான்கு பேர் கழுத்தில் கழலை. தைராய்டு வீங்கினால் ஊசியில் செல் எடுத்துப் பார்த்துப் பெயர் எழுதுவது எங்கள் வேலை. அவர் அந்த இடத்தில் நிற்கவில்லை. மலையில் பனியும் மழையும் மண்ணின் அயோடினை அடித்துப் போய்விடுகின்றன. சாப்பாட்டில் அது இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்தப் பகுதியை அவரும் சூச் முதலான தோழர்களும் மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது, மூன்றாவதில் அசையவில்லை. அதன் பிறகு மூன்றுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கருவிலேயே அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும் என்பதும் இந்த வழியில் கவனத்துக்கு வந்தது. இன்று தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதே, அதன் பின்னால் ஒரு நோயியல் மருத்துவரின் நடை இருக்கிறது. ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உள்ள தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தயாரித்துச் சத்துணவுக் கூடங்களுக்குக் கொடுக்கிறது. காலையில் நாங்கள் பார்த்த வெளிறிய நாக்குகளுக்கு அதே வழியில் தேடிய ஒரு பதில் அது.

1957இல் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நோயியல் பேராசிரியர், 1969 முதல் பத்தாண்டு அதன் இயக்குநர், பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். 1981இல் எல்லோருக்கும் நலவாழ்வு என்ற பெயரில் வெளிவந்த மாற்றுத் திட்ட அறிக்கைக்குத் தலைமை வகித்தவரும் இவரே. மருத்துவம் மக்கள் கைக்கும் ஊர் அளவுக்கும் இறங்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது அதை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். 2001இல் காலமானார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு டாக்டருங்க மேடம், நான் டிப்ளமா" என்றார். அம்பிளிக்கையைச் சொன்னேன். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூகநல மருத்துவமனையை மையமாக வைத்து 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமத்துப் பெண்களின் கருப்பை வாயை அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் சத்து, தடவிப் பார்த்தார்கள். வெளுத்துத் தெரிந்தால் துணுக்கு எடுத்து நோயியல் மருத்துவருக்கு அனுப்பினார்கள். 2007இல் முடிவு வந்தது: அந்தப் புற்றுநோய் வருவது 25 விழுக்காடும், அதனால் இறப்பது 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பார்த்தவர்கள் செவிலியர்கள். பதிவேடு எழுதியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்கள் இல்லையென்றால் அந்தத் துணுக்கு மைக்ராஸ்கோப்புக்கு வந்தே சேர்ந்திருக்காது.

தம்மம்பட்டியைப் பார்த்த பிறகு என் கணிப்பு இது. இப்படிப்பட்ட ஊர்களில் மருத்துவமனை இருக்கிறது, டெக்னீஷியன் இருக்கிறார், கருவியும் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் துறை மருத்துவர்கள்தான் நகரத்தில் குவிந்திருக்கிறோம். சதைத் துணுக்கு எடுத்தால் அதை ஃபார்மலினில் போட வேண்டும் என்பது தெரியாமல் வெறும் தண்ணீரில் வந்து அழுகிப்போன துணுக்குகளை எங்கள் துறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரிப்போர்ட்டுக்காகச் சேலத்துக்கு இரண்டு முறை போய்வர ஒரு பாக்குரிக்கும் பெண்ணுக்கு இரண்டு நாள் கூலி போகும். மூன்றாம் முறை அவள் போகமாட்டாள். அதோடு அந்த நோய் எங்கள் கணக்கிலிருந்தும் மறைந்துவிடும். கண்ணாடித் துண்டைப் படமெடுத்து இணையம் வழியாகத் தொலைவிலிருந்து படிக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது, அது நல்லது. ஆனால் பாக்குக் களத்தையும் ஆசாரிக் கொட்டகையையும் அதில் பார்க்க முடியாது. மாதம் ஒரு நாளாவது ஒரு நோயியல் மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வந்து உட்கார வேண்டும். டெக்னீஷியனோடு ஸ்லைடு பார்க்க வேண்டும், வாய்ப்புண் உள்ளவரிடமும் கழுத்துக்கட்டி உள்ளவரிடமும் அங்கேயே ஊசியில் செல் எடுக்க வேண்டும், எந்த வேலைக்காரருக்கு எந்த நோய் என்று ஊர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் புதியது திறக்கப்பட்டது. இரண்டிலும் நோயியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்மம்பட்டி அவர்களுக்குச் சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது, ஆய்வகத்தில் ஏற்கெனவே அடுக்கிவைத்த மெழுகுக் கட்டிகளை மட்டும் எண்ணாதீர்கள். ஆத்தூர்ப் பேருந்தில் ஏறுங்கள். பாக்குரிப்பவர்களின் கன்னமும், சிற்பிகளின் மூக்கும், மலைப்பெண்களின் ரத்தமும் இன்னும் யாரும் முறையாக எழுதாத பக்கங்களாக இருக்கின்றன. படிக்கும் மற்றவர்களுக்கு: அடுத்த முறை அரசு மருத்துவமனையில் ரத்தமோ சதையோ கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார் பார்ப்பார், முடிவு எந்தத் தேதியில் கிடைக்கும், அதைத் தொலைபேசியில் சொல்வீர்களா. உங்கள் வேலை என்ன என்பதை விண்ணப்பத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.